மழை வெளியில் மட்டும்தான் பெய்கிறது

பொள்ளாச்சிச் சாலையோரத்தில் ஒரு பேக்கரி. கோவைப் பக்கம் டீக்கடைக்கும் பேக்கரி என்றுதான் பெயர். ஐப்பசி மழை விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட ஒருவர் படியேறி வருகிறார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்கிறார்:

"ஏனுங்க, நனைஞ்சுட்டீங்களாட்ட இருக்குது?"

பெரும்பாலானவர்கள் "ஆமாங்க, செம மழைங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டால் தலையைத் துவட்டுவார்கள். கொஞ்சம் வாய்த்துடுக்கு உள்ளவர் "இல்லீங்க, வேர்த்துருச்சு" என்பார். கடையில் இரண்டு பேர் சிரிப்பார்கள். நான் பார்த்த அன்று வந்தவர் இந்த இரண்டையும் சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார், சட்டையைப் பிழிந்தார், சாதாரணக் குரலில் சொன்னார்:

"ஆமாங்க. மழை வெளியில மட்டுந்தான் பெய்யுதுங்க."

டீ மாஸ்டர் தலையாட்டிவிட்டு மறுபடி ஆற்றத் தொடங்கினார். சொன்னவர் முகத்திலும் ஒன்றும் இல்லை, கேட்டவர் முகத்திலும் ஒன்றும் இல்லை. மூலையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் மட்டும் தாளுக்குப் பின்னால் குலுங்கிக்கொண்டிருந்தார்.

'வேர்த்துருச்சு' என்பது நக்கல். அது பொய், பொய் என்று எல்லோருக்கும் தெரியும்படி சொல்லப்படும் பொய். சொல்லும்போதே 'இது ஜோக்' என்ற முத்திரையும் கூடவே விழுந்துவிடுகிறது. 'வெளியில மட்டுந்தான் பெய்யுதுங்க' என்பதிலோ பொய் எதுவும் இல்லை. நீதிமன்றத்தில் கற்பூரம் அடித்துச் சொல்லலாம். அப்படியிருக்க அது ஏன் சிரிப்பு மூட்ட வேண்டும்? இன்னும் சொன்னால், முதலாவதைவிட ஏன் கூடுதலாக மூட்ட வேண்டும்?

இந்த வகைக்குத் தமிழில் நல்ல பெயர் ஒன்று இருக்கிறது: ஊமைக்குசும்பு. ஆங்கிலத்தில் இதை 'டெட்பேன்' என்பார்கள். பேன் என்பது முகத்துக்கான பழைய கொச்சைச் சொல். ஆக, செத்த முகம். எனக்கு நம்முடைய சொல்தான் பிடித்திருக்கிறது. செத்த முகத்தில் ஒன்றும் இருக்காது. ஊமைக்குள் குசும்பு இருக்கிறது, வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முதலில் அந்தக் கேள்வியைப் பார்த்துவிடலாம். நனைந்தவனைப் பார்த்து 'நனைஞ்சுட்டீங்களா' என்பதும், வாசலில் வந்து நிற்பவரைப் பார்த்து 'வந்துட்டீங்களா' என்பதும், கையில் பையோடு கிளம்புபவரிடம் 'கிளம்பியாச்சா' என்பதும் நம் ஊரில் அன்றாடம் நடப்பது. பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறாகப் பிரிக்கிறார்: அறிவு, அறியாமை, ஐயுறல், கொளல், கொடை, ஏவல். 'வந்துட்டீங்களா'வை இந்த ஆறில் எதில் வைப்பது? கேட்பவருக்கு விடை தெரியும், ஆனால் ஆசிரியர் மாணவனைச் சோதிப்பதுபோல் சோதிக்கவில்லை. ஐயமும் இல்லை, ஆள் கண்முன் நிற்கிறார். கடைக்காரரிடம் 'பருப்பு இருக்கிறதா' என்பதுபோல் எதையும் வாங்கக் கேட்கவில்லை, கொடுக்கவும் கேட்கவில்லை, ஏவவும் இல்லை. ஆறுக்கும் வெளியே நிற்கும் கேள்வி இது. அதைத்தான் நாம் நாளுக்கு இருபது தடவை கேட்கிறோம்.

ப்ரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் பசிபிக்கில் ட்ரோப்ரியண்ட் தீவுகளில் தங்கி மக்களின் பேச்சைக் கவனித்தவர். செய்தி சொல்வதற்காக இல்லாமல், கூட இருக்கிறோம் என்று காட்டுவதற்காகவே பேசப்படும் பேச்சு ஒன்று உண்டு என்று 1923இல் அவர் எழுதினார். 'சாப்பிட்டாச்சா' என்பவர் நம் வயிற்றுக் கணக்கை எடுக்கவில்லை. துக்க வீட்டில் போய் 'போயிட்டாரா' என்று கையைப் பிடிக்கிறோமே, அதுவும் இதே இனம்தான். அங்கே யாரும் 'ஆமாங்க, அதான் படுக்க வெச்சிருக்கோம்' என்று பதில் சொல்வதில்லை. சொன்னால் அடி விழும்.

ஊமைக்குசும்பு பிடித்துக்கொள்ளும் இடம் இதுதான். கேள்விக்குள் செய்தி எதுவும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தும், அதை உண்மையான கேள்வியாகவே மதித்து, பொறுப்பாக, முழுமையாக, தேவைக்கு மேல் ஒரு விரற்கடை கூட்டியே பதில் சொல்வது. மரியாதை குறையவே இல்லை; சொல்லப்போனால் கூடியிருக்கிறது. ஆனாலும் எதிரே இருப்பவருக்குத் தான் கேட்ட கேள்வியின் உருவம் கண்ணாடியில் தெரிந்துவிடுகிறது.

பால் கிரைஸ் என்ற தத்துவ அறிஞர் 1967இல் ஹார்வர்டில் நடத்திய சொற்பொழிவுகளில் உரையாடலுக்கு எழுதாத சட்டங்கள் சிலவற்றைச் சொன்னார். அவற்றில் ஒன்று அளவு பற்றியது: வேண்டிய அளவு சொல், அதற்கு மேல் சொல்லாதே. எல்லோரும் இதைக் கடைப்பிடிப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் காது கேட்கிறது. அதனால் ஒருவர் வெட்டவெளிச்சமான ஒன்றைச் சொன்னால், 'சும்மா சொல்ல மாட்டார், உள்ளே ஏதோ இருக்கிறது' என்று மனம் தேடப் போகிறது. 'போனது போனதுதான்' என்று பாட்டி சொன்னால், சொல்லளவில் அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் நாம் போய்த் தேடி, 'இனி அதையே நினைக்காதே' என்ற பொருளை எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். 'காசு காசுதான்', 'ஆயிரம் இருந்தாலும் அண்ணன் அண்ணன்தான்' எல்லாம் இப்படித்தான் வேலை செய்கின்றன.

'மழை வெளியில மட்டுந்தான் பெய்யுதுங்க' என்று கேட்டதும் மனம் அதே ஓட்டம் ஓடுகிறது. மட்டும் என்கிறாரே, வேறெங்காவது ஒழுகுகிறதா? கூரையைக் குத்திக்காட்டுகிறாரா? டீயில் தண்ணீர் அதிகம் என்கிறாரா? ஓடிப்போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு திரும்பும் அந்தக் கணத்தில்தான் சிரிப்பு வருகிறது. அந்த 'மட்டும்' இல்லாவிட்டால் வாக்கியம் படுத்துவிடும் என்பதையும் கவனிக்கலாம். வெறும் 'வெளியில மழை பெய்யுதுங்க' செய்தி. 'மட்டும்' வந்ததும் அது ஏதோ ஆராய்ச்சி முடிவு போல் ஆகிவிடுகிறது.

இந்த வெறுங்கைக் கணத்தை 1790லேயே ஜெர்மன் தத்துவ அறிஞர் இமானுவேல் காண்ட் எழுதிவைத்துவிட்டார். இறுக்கமான எதிர்பார்ப்பு ஒன்று சட்டென்று ஒன்றுமில்லாததாக மாறும்போது பிறப்பதே சிரிப்பு என்பது அவர் கருத்து. எழுத்தில் சிரிப்புக்கும் அவருக்கும் வெகுதூரம். இருந்தும் எடுத்துக்காட்டுக்கு ஒரு கதை சொல்கிறார், அது நடப்பதோ நம் சூரத் நகரில். ஆங்கிலேயர் ஒருவரின் விருந்தில் பீர் பாட்டிலைத் திறக்கிறார்கள், முழுதும் நுரையாய்ப் பொங்கி வழிகிறது. உடனிருந்த இந்தியர் வியப்போடு பார்க்கிறார். இதில் வியக்க என்ன இருக்கிறது என்று ஆங்கிலேயர் கேட்க, 'வெளியே வருவதில் எனக்கு வியப்பில்லை. இவ்வளவையும் எப்படி உள்ளே அடைத்தீர்கள் என்பதுதான்' என்கிறார் இவர். இந்த அறியாத மனிதரைவிட நாம் புத்திசாலிகள் என்று எண்ணி நாம் சிரிக்கவில்லை என்று காண்ட் அழுத்திச் சொல்கிறார். எனக்கு இதில் ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. அந்த இந்தியர் நிஜமாகவே தெரியாமல் கேட்டாரா, விருந்து கொடுத்தவரை ஓட்டினாரா? சூரத்துக்குப் பதில் உடுமலைப்பேட்டையாக இருந்திருந்தால் எனக்கு விடை தெரியும்.

தொல்காப்பியத்துக்கு இந்தக் கேள்வி அன்னியமில்லை. மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். ஊமைக்குசும்பு இந்தப் பட்டியலில் ஒரே இடத்தில் உட்கார மறுக்கிறது. பார்வைக்குப் பேதைமை. உள்ளுக்குள் எள்ளல். கேட்பவருக்கு எது என்று கடைசிவரை உறுதியாகத் தெரியக்கூடாது. 'இவன் தெரிஞ்சு சொல்றானா, தெரியாம சொல்றானா?' என்ற அந்தத் தவிப்பில்தான் சுவை முழுக்க இருக்கிறது. நக்கலில் தவிப்பு இல்லை. அசட்டுத்தனத்திலும் இல்லை.

நன்னூலை இன்னொரு முறை எடுக்க வேண்டும். நூலில் வரக்கூடாத பத்துக் குற்றங்களை அது பட்டியலிடுகிறது. மிகைபடக் கூறல், கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல், நின்று பயனின்மை ஆகியவை அவற்றில் சில. ஊமைக்குசும்பு என்பது இந்த நான்கையும் வேண்டுமென்றே, இலக்கண சுத்தமாகச் செய்வது. பவணந்தியார் கொங்கு நாட்டுச் சீனாபுரத்துக்காரர் என்று சொல்வோர் உண்டு. அது உண்மையானால் அந்தப் பட்டியலைப் போடத் தேவையான சான்றுகள் அவர் வீட்டுத் திண்ணையிலேயே கிடைத்திருக்கும்.

வள்ளுவர் இன்னும் கண்டிப்பானவர். பயனில சொல்லாமை என்று பத்துக் குறள் எழுதி, பயனில்லாத சொல்லைப் பாராட்டுபவனை மனிதன் என்றே சொல்லாதே, பதர் என்று சொல் என்கிறார். அதே அதிகாரத்தின் கடைசிக் குறள்: 'சொல்லுக சொல்லிற் பயனுடைய சொல்லற்க சொல்லிற் பயனிலாச் சொல்.' ஏழு சீரில் ஐந்து 'சொல்'. சொல்லைக் குறைக்கச் சொல்லும் குறள் இது. வள்ளுவர் முகத்தை நாம் பார்த்ததில்லை. சிலைகளிலும் படங்களிலும் தாடி மறைக்கிறது.

வெளிப்படையானதைச் சொல்லிச் சிரிக்கவைப்பதற்குத் தனிப் பெயரே வைத்திருப்பவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 'லாபலிஸாட்' என்பார்கள். அது ஒரு படைத்தலைவரின் பெயரிலிருந்து வந்தது. ழாக் த ஷபான், லா பலீஸ் பிரபு, பிரான்சின் மார்ஷல். 1525இல் இத்தாலியின் பாவியா போரில் இறந்தார். 'இவர் இறந்திராவிட்டால் இன்னும் பிறர் பொறாமைப்படும்படி இருப்பார்' என்று அவரைப் புகழ்ந்து ஒரு வரி இருந்தது. அக்கால எழுத்தில் 'எஸ்'ஸுக்கு நீண்ட வடிவம் ஒன்று உண்டு. பார்க்க ஏறக்குறைய 'எஃப்' போலவே இருக்கும். 'ஃபெரே' என்பதை யாரோ 'ஸெரே' என்று படித்தார்கள். பொறாமைக்கான பிரெஞ்சுச் சொல்லை இரண்டாகப் பிரித்தால் 'உயிரோடு' என்று ஆகும். ஆக வரி இப்படி மாறியது: 'இவர் இறந்திராவிட்டால் இன்னும் உயிரோடு இருப்பார்.'

ஏட்டுச் சுவடி படித்தவர்களுக்கு இது புதிதில்லை. புள்ளி இருக்காது, ரகரத்துக்கும் காலுக்கும் ஒரே வடிவம், எங்கே பிரிப்பது என்பது படிப்பவர் பாடு. உ.வே.சா. வாழ்நாளெல்லாம் பட்ட பாடு அது. பிரெஞ்சுக்காரர்கள் பிழையைத் திருத்தாமல் வளர்த்தார்கள் என்பதுதான் வேறுபாடு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்னார் த லா மொன்னுவா என்ற கவிஞர் அதை நீண்ட பாட்டாகவே ஆக்கிவிட்டார். அதில் ஒரு செய்யுளின் சாரம் இது: வெள்ளிக்கிழமை இறந்தார், அதுவே அவர் ஆயுளின் கடைசி நாள். சனிக்கிழமை இறந்திருந்தால் இன்னும் கொஞ்சம் வாழ்ந்திருப்பார். சும்மா இருக்க முடியாமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாவியா போர் நடந்த 1525 பிப்ரவரி 24 உண்மையிலேயே வெள்ளிக்கிழமைதான்.

வீரத்தோடு போரில் விழுந்த ஒரு மனிதர், 'இறக்கும்வரை உயிரோடு இருந்தவர்' என்ற பெருமையோடு ஐந்நூறு ஆண்டுகளாக வாழ்கிறார். பாவம்தான். ஆனால் பாவியாவில் இறந்த மற்றவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

லா மொன்னுவாவின் பாட்டு வேலை செய்வதற்குக் காரணம் அதன் நடை. புகழுரையின் கம்பீரம் ஒரு வரியில்கூடக் குறையவில்லை. எழுத்தில் முகம் கிடையாது, நடைதான் முகம். நேர்ப்பேச்சில் அந்தப் பொறுப்பை உண்மையான முகம் ஏற்கிறது. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1895இல் கதை சொல்லும் கலை பற்றி எழுதியபோது, தான் சொல்வதில் வேடிக்கை ஏதும் இருப்பதாகத் தனக்கே லேசாகக்கூடச் சந்தேகமில்லை என்பதுபோல் சொல்ல வேண்டும் என்றார். சிறு வயதிலேயே பெற்றோரோடு மேடை ஏறிய மௌனப்பட நடிகர் பஸ்டர் கீட்டன், தான் சிரித்தால் கூட்டம் குறைவாகச் சிரிக்கிறது, முகத்தைக் கல்லாக வைத்தால் கூடுதலாகச் சிரிக்கிறது என்று குழந்தையாக இருக்கும்போதே கண்டுகொண்டார். 'பெரிய கல்முகம்' என்று பிறகு அவருக்குப் பட்டமே வந்தது.

நமக்கு இதற்குப் பாடம் 1989இல் வந்த கரகாட்டக்காரன் படத்து வாழைப்பழம். அந்தக் காட்சியைப் பற்றி இதுவரை பேசப்பட்டதெல்லாம் கவுண்டமணியின் கோபத்தைப் பற்றித்தான். எனக்கு அதில் செந்திலின் முகம்தான் முக்கியம். அவர் தரும் பதில் தர்க்கப்படி சரி. பழம் இரண்டு, இங்கே ஒன்று இருக்கிறது, கேட்கப்படுவது மற்றொன்று. எது மற்றொன்று என்பது எதிலிருந்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரு கணக்காசிரியரின் நிதானம் அந்த முகத்தில் இருக்கிறது. அதில் ஒரு சிறு புன்னகை வந்திருந்தால் திருட்டு வெளிப்பட்டிருக்கும், காட்சியும் அதோடு முடிந்திருக்கும்.

கொங்குத் தமிழில் முகத்தோடு இன்னொரு முகமூடியும் சேர்கிறது: 'ங்க'. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் வந்து நிற்கும் அந்த மரியாதை, எதிராளியின் கையைக் கட்டிவிடுகிறது. 'மழை வெளியிலதான்டா பெய்யுது' என்றால் சண்டைக்கு வரலாம். 'பெய்யுதுங்க' என்றவரிடம் எதற்குச் சண்டை போடுவது? மதுரையிலும் நெல்லையிலும் நகைச்சுவைக்குப் பஞ்சமில்லை, ஆனால் அங்கே பேச்சில் வேகம் உண்டு, குரல் ஏறும். 'கோயமுத்தூர் குசும்பு' என்று தனிப் பெயர் நிலைத்ததற்கு இந்த 'ங்க'தான் காரணம் என்பது என் அனுமானம். நெல்லைக்காரர்கள் மன்னிக்கவும்.

இதெல்லாம் நன்றாக வந்தால்தான். வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ் கைவசம் ஒரு தச்சுப்பட்டறையே வைத்திருக்கிறது. என் அப்பா தலைமுறை 'அறுவை' என்றது, 'ரம்பம்' என்றது. பிறகு 'பிளேடு போடறான்' வந்தது. எங்கள் பள்ளிக்காலத்தில் 'கடி'. இப்போது 'மொக்கை'. வரிசையைப் பாருங்கள். எல்லாம் வெட்டும் பொருள், கடைசியில் மழுங்கிய பொருள். மழுங்கின கத்தியால் அறுத்தால்தான் வலி அதிகம் என்பதைச் சமையலறையில் நிற்பவர்கள் அறிவார்கள்.

கடிக்கும் ஊமைக்குசும்புக்கும் உறவு நெருக்கம். 'நீலக் கடலில் சிவப்புக் கல்லைப் போட்டால் என்ன ஆகும்?' 'நனையும்.' இதுவும் எதிர்பார்ப்பை ஊதி ஒன்றுமில்லாததாக்கும் வித்தைதான். கோழி ஏன் சாலையைக் கடந்தது, அந்தப் பக்கம் போக என்ற ஆங்கிலக் கேள்வி நியூயார்க் பத்திரிகை ஒன்றில் 1847லேயே அச்சாகியிருக்கிறது. ஆனால் கடி நம் கவனத்தைக் கேட்டு வாங்குகிறது. விடுகதை போல வந்து நிற்கிறது, 'சொல்லு பார்ப்போம்' என்கிறது, முடிந்ததும் 'எப்படி?' என்று நம் முகத்தைப் பார்க்கிறது. அந்தக் கடைசிப் பார்வைதான் அதைக் கடியாக்குகிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, 'சாம்பார்ல பருப்பு போட்டிருக்காங்க போல' என்று சொல்லிவிட்டு முழங்கையால் இடிக்கும் சித்தப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். வாக்கியம் நல்ல வாக்கியம்தான். முழங்கைதான் கெடுத்தது.

முழங்கையே இல்லாத எழுத்து என்றால் அரசாங்க எழுத்து. ஒவ்வாமை உள்ளவர்களுக்காக உணவு லேபிளில் எச்சரிக்கை வேண்டும் என்பது சட்டம், நல்ல சட்டம். அதன்படி கடலை மிட்டாய்ப் பாக்கெட்டும் தன்னிடம் நிலக்கடலை இருப்பதாக ஒப்புக்கொள்கிறது. 'வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும். ஒருசில இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும்' என்ற வானிலை அறிக்கை இருக்கிறதே, அதை யாராலும் பொய்யாக்க முடியாது. பெய்தால் நம் தெரு அந்த ஒருசில இடத்தில் இருக்கிறது, பெய்யாவிட்டால் இல்லை. இவற்றை எழுதியவர்கள் சிரிக்கவைக்க எழுதவில்லை என்பதில்தான் இவற்றின் பலம்.

அரசு முகத்தை வேண்டுமென்றே அணிந்துகொண்டு விளையாடியவர்களும் உண்டு. ஸ்காட்லாந்தில் 'டல்' என்று ஒரு குக்கிராமம். அமெரிக்காவின் ஓரிகனில் 'போரிங்' என்று ஓர் ஊர். முதலாவதற்கு மந்தம் என்றும் இரண்டாவதற்குச் சலிப்பு என்றும் ஆங்கிலத்தில் பொருள். போரிங் உண்மையில் அங்கே முதலில் குடியேறிய ஒருவரின் பெயர். 2012இல் இவை இரண்டும் முறைப்படி இணை ஊர்களாயின. பிறகு ஆஸ்திரேலியாவின் 'பிளாண்ட்' வட்டாரமும் சேர்ந்துகொண்டது. அதற்குச் 'சப்பென்று' என்று பொருள். ஓரிகன் மாநிலம் ஆகஸ்ட் 9ஐ இதற்கான நாளாகவே அறிவித்தது. பலகை நட்டார்கள், வாழ்த்துச் சொன்னார்கள். நம் ஊரில் இதற்கு ஈடாக எந்த இரண்டு ஊர்களை இணைப்பது என்று யோசித்து, இரண்டு பெயர்களை முடிவும் செய்தேன். அந்த ஊர்களில் எனக்குச் சொந்தக்காரர்கள் இருப்பதால் எழுதவில்லை.

இந்தக் கட்டுரையை அச்செடுத்து பொள்ளாச்சி நண்பர் ஒருவரிடம் கொடுத்தேன். இதில் வரும் கொங்குப் பேச்சைச் சரிபார்க்க அவரைவிட்டால் எனக்கு ஆள் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். நடுவில் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. கடைசித் தாளை முடித்ததும் அதைத் திருப்பி, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தப் பக்கம் ஒண்ணும் எழுதலீங்க."